மூன்று அங்குலக் குழல்: புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்களுக்கு

கேரளத்து இடுக்கியில் உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டமும் லைசென்ஸோடு ஒரு ரிவால்வரும் வைத்துத் தலை நரைத்தவன் நான். வாளையார், கொழிஞ்சாம்பாறை தொடங்கி இங்கே கம்பம்மெட்டு, போடிமெட்டு வரை, எல்லையோரத்துப் பிள்ளைகள் லைசென்ஸுக்கு மனுப் போடும்போது என்னிடம் வந்து உட்கார்ந்து முதலில் கேட்பது இதைத்தான்: "எத்தனை அங்குலக் குழல் வாங்கலாம், ஐயா?" அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

1. எதற்குப் பயந்து துப்பாக்கி தேடுகிறீர்கள்? யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் என்றால் கைத்துப்பாக்கிப் பேச்சை இங்கேயே விட்டுவிடுங்கள். நமக்குக் கிடைக்கும் .32 தோட்டாவின் முனையில் இருப்பது ஆறு கிராம் சொச்சம் ஈயம். யானையை அது நிறுத்தாது, ஆத்திரம்தான் ஏற்றும். பாலக்காட்டுத் தோனியில் 2023 ஜனவரியில் பிடி-7 என்ற ஆனையை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதன் உடம்பில் ரவைகள் பதிந்து கிடந்தன. யாரோ விரட்டுவதற்காகச் சுட்டவை. அத்தனையையும் வாங்கிக்கொண்டு அந்த ஜீவன் வயலுக்கும் தெருவுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. யானையைச் சுடுவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பெருங்குற்றம் என்பதையும் சேர்த்து மனதில் வையுங்கள். பன்றிக்கு வழி வேறு. 2022 முதல் கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு கொடுக்கலாம், லைசென்ஸ் உள்ளவர் வந்து சுடலாம். அவர் கையில் நீளக்குழல் துப்பாக்கிதான் இருக்கும், ரிவால்வர் இருக்காது. ஒதுக்குப்புற பங்களாவில் இருந்துகொண்டு, ராத்திரி ஆள் புகுந்து உயிருக்கே ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

2. நம் நாட்டில் தேர்வு குறைவு. குழல்விட்ட அளவில் 9 மி.மீ., .38, .455 ஆகியவை தடை செய்யப்பட்ட வகை. சாதாரண லைசென்ஸில் பெரும்பாலும் .32, கொஞ்சம் .22. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வருக்குக் குழல் 76 மி.மீ., அதாவது மூன்று அங்குலம். பெண்களை மனதில் வைத்து 2014-இல் கொண்டுவந்த 'நிர்பீக்' டைட்டானியக் கலவையில் ஆனது, 500 கிராம். 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' 700 கிராம். அதற்கும் குழல் 76 மி.மீ.தான், ஆனால் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். 'நிடர்' என்ற .22 ரிவால்வர் 250 கிராம்தான், குழலும் மிகக் குட்டை. இஷாப்பூரில் செய்யும் 'அஷானி' .32 பிஸ்டல். ஒன்றை மறக்காதீர்கள்: ரிவால்வரின் .32 தோட்டா வேறு, பிஸ்டலின் .32 தோட்டா வேறு. முன்னது 23 மி.மீ. கூடு, பின்னது 17 மி.மீ. கூடு. கடைக்காரர் "முப்பத்திரண்டு" என்று எடுத்து நீட்டினால் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

3. அளவெடுக்கும் முறையே இரண்டுக்கும் வேறு. ரிவால்வரில் சிலிண்டருக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் குழல் என்று கணக்கிடுவார்கள். பிஸ்டலில் தோட்டா உட்காரும் அறையும் சேர்ந்தே குழல். ஆகவே மூன்று அங்குல ரிவால்வரையும் மூன்று அங்குல பிஸ்டலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மொத்த நீளத்தில் ரிவால்வர்தான் பெரிதாக இருக்கும்.

4. வேகத்துக்காக நீளக் குழல் தேடி அலைய வேண்டாம். மருந்து எரிந்து கிளம்பும் வாயு, குண்டு குழலுக்குள் இருக்கிறவரை அதைத் தள்ளுகிறது. குழல் கூடினால் தள்ளும் தூரமும் கூடும், வேகமும் ஏறும். இது உண்மைதான். ஆனால் கைத்துப்பாக்கியில் ஒரு அங்குலம் கூடினால் ஏறுவது ஏறக்குறைய வினாடிக்குப் பத்து மீட்டர், சில தோட்டாக்களில் கொஞ்சம் கூடுதல். மொத்த வேகமே வினாடிக்கு இருநூறு மீட்டர் சொச்சமாக இருக்கும் .32 ரிவால்வரில், நான்கு அங்குலத்துக்கும் மூன்று அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம் எதிரில் நிற்பவனுக்குத் தெரியாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள சந்திலும் கொஞ்சம் வாயு கசியும். அது தேய்ந்து அகன்ற பழைய ரிவால்வர், நீளக் குழல் இருந்தும் புதிய குட்டைக் குழலுக்குத் தோற்கலாம்.

5. குழல் குறைந்தால் உண்மையில் அடி வாங்குவது குறி. முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளி 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். குறி பார்க்கும்போது முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பத்து மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளி விழும். இடைவெளி 150 மி.மீ. ஆனால் அதே தவறுக்கு ஏழு செ.மீ.கூட வராது. குண்டு ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். பிழையைப் பெருக்கிக் காட்டுவது அந்த இடைவெளி. விளையாட்டுக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் சர்வதேச 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் குழல் 153 மி.மீ.க்கு மேல், குறி இடைவெளி 220 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடே வைத்திருக்கிறார்கள்.

இருட்டில், கை நடுங்க, முழித்த கண்ணோடு சுடுகிற மனிதருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது ஒன்றுமே இல்லை. 'பிரபல்' 50 மீட்டர் எட்டும் என்று அதைச் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். குண்டு எட்டலாம். உங்கள் கை எட்டுமா என்பதே என் கேள்வி. ஏழு மீட்டரில் அட்டையின் நடுவே ஐந்துக்கு ஐந்து வைக்க முடிகிறவரை அதற்கு அப்பால் யோசிக்காதீர்கள். மாவட்ட ரைபிள் சங்கத்தில் சேருங்கள். புதிதாக மனுப் போடுபவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எப்படியும் வேண்டும். சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

6. கனம் குறைந்தால் உதை கூடும். 500 கிராம் துப்பாக்கியைக் கடையில் கையில் வாங்கும்போது சுகமாக இருக்கும். சுடும்போது அதே தோட்டா 700 கிராமில் தள்ளுவதைவிட அதிகமாக மணிக்கட்டை மேலே தூக்கும், அடுத்த குண்டுக்குக் குறி திரும்ப நேரமாகும். குட்டைக் குழலின் வாயில் தீப்பிழம்பும் சத்தமும் கூடுதல். அதைவிட நான் பயப்படுவது வேறொன்று. குழல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு சுலபமாக அதன் வாய் உங்கள் இடது கையையோ பக்கத்தில் நிற்கும் பிள்ளையையோ பார்த்துத் திரும்பிவிடும். வாய் எங்கே பார்க்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்ற இரண்டிலும் கண் இருக்கட்டும். சுடத் தீர்மானிக்கிறவரை விரல் விசைக்கு வெளியே.

7. இடுப்பில் வைத்துப் போவது. அமெரிக்காவில் மறைத்து எடுத்துப்போகத் தனியாக அனுமதி கேட்கும் மாநிலங்கள் உண்டு. நம் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் நேர் எதிர்: பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ வைத்து, முழுவதும் மூடித்தான் எடுத்துப்போக வேண்டும், அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கவும் வேண்டும். வெளியே தெரியும்படி சொருகிக்கொண்டு திருவிழாவில் நடப்பது வீரம் இல்லை, விதிமீறல். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம் வரை போகும்.

மூடுவதற்குக் குட்டைக் குழல் வேண்டும் என்று நினைப்பார்கள். ஆனால் குழல் இடுப்புக்குக் கீழே, துணிக்குள்ளே போய்விடுகிறது. சட்டையைத் தூக்கிக்கொண்டு துருத்துவது கைப்பிடிதான். ஆகவே கடையில் பிடியின் உயரத்தையும் சிலிண்டரின் பருமனையும் பாருங்கள். குழல் தொந்தரவு தருவது உட்காரும்போது. தோட்டத்து ஜீப்பில் கல்லும் குழியுமான ரோட்டில் ஒரு மணி நேரம் போனால் நான்கு அங்குலக் குழல் சீட்டில் முட்டித் தொடையில் குத்தும், உறையும் மேலே ஏறும். மூன்று அங்குலத்தில் அந்த வம்பு குறைவு. வேட்டி கட்டுகிறவர்கள் மடியில் சொருகவே கூடாது. அகலமான தோல் பெல்ட், அதில் விசையை முழுக்க மூடும் கெட்டியான உறை, அதன்மேல் தொளதொள சட்டை. இதற்குக் குறைவான எதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

8. குழலை அறுக்காதீர்கள். பட்டறையில் "ஒரு அங்குலம் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. 2019-க்குப் பிறகு தண்டனை ஏழு ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை.

9. மழை. இடுக்கிக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நடுவில் மூடுபனி. தோல் உறைக்குள்ளேயே துப்பாக்கியை வைத்துப் பீரோவில் பூட்டினால், தோல் குடித்த ஈரம் இரண்டே வாரத்தில் குழலின் வாயோரத்தில் செம்புள்ளியாகத் தெரியும். குட்டைக் குழலில் வாயோரம் கெட்டால் குறியும் கெடும், குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எடுங்கள், உறையைத் தனியாகக் காற்றில் போடுங்கள், குழலுக்குள் துணியைப் பின்னிருந்து முன்னால் இழுங்கள், எண்ணெய் மெல்லிசாகப் போதும். துப்பாக்கி பூட்டி ஒரு இடத்தில், தோட்டா வேறு இடத்தில், சாவி உங்களிடம்.

10. ஆக, குழல் எவ்வளவு? எங்கள் மலைக்கும் பாலக்காட்டுச் சமவெளிக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மூன்று அங்குலம், 700 கிராம் பக்கம். வீட்டை விட்டு நகராத துப்பாக்கி என்றால் நான்கு அங்குலம் கிடைத்தால் எடுங்கள். அதைவிடக் குட்டை, பழகிய கைக்கு மட்டும்.

11. எல்லை. காலையில் குமுளி, மத்தியானம் கம்பம், சாயங்காலம் வீடு என்று வாழ்கிறோம். துப்பாக்கிக்கு அந்தச் சலுகை இல்லை. லைசென்ஸில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறதோ அதுவரைதான். கேரளத்துக்கு மட்டும் என்றிருந்தால் வாளையாரிலோ ஆனைக்கட்டியிலோ நூறு அடி தாண்டினாலும் வழக்கு. கஞ்சாவுக்காக வண்டியைச் சோதிக்கிறவர்கள் கையில் உங்கள் உறை தட்டுப்படுவதற்கு முன்னால் நீங்களே வாயால் சொல்லி, கை இரண்டும் தெரியும்படி வைத்து, லைசென்ஸை நீட்டுங்கள். துப்பாக்கியை நீங்களாக உருவிக் காட்டாதீர்கள்.

தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைப்பதற்கு முதல்நாள் குழலுக்குள் எண்ணெய் பூசுங்கள், எத்தனை நாள் கிடக்குமோ தெரியாது. துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக் கணக்கும் எழுதிய ரசீது கைக்கு வராமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள்.