பதினேழு வயதில் ஒரு மருத்துவ இடம்

அமெரிக்காவில் பள்ளி முடித்த மாணவர் வழக்கமாக நேரே மருத்துவக் கல்லூரிக்குப் போவதில்லை. நான்காண்டு இளநிலைப் பட்டம், எம்கேட் எனப்படும் மருத்துவ நுழைவுத் தேர்வு, விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் தாண்டி மேலும் நான்காண்டு படித்தால்தான் எம்.டி. பட்டம். அங்கே எம்.டி. என்பது இந்தியாவின் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படை மருத்துவப் பட்டம். சென்னையில் அந்தப் பெயரில் தரப்படும் முதுநிலைப் பட்டம் வேறு. எம்.டி. கல்லூரிகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 52,000 பேர் விண்ணப்பித்து 23,000 பேர் அளவில் சேர்கிறார்கள். இந்தப் போட்டியைப் பள்ளியின் கடைசி ஆண்டிலேயே முடித்துவைப்பதுதான் பிஎஸ்/எம்டி எனப்படும் ஒருங்கிணைந்த படிப்பு. இளநிலைக் கல்லூரியில் இடம் கிடைக்கும்போதே மருத்துவக் கல்லூரியிலும் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது.

எல்லா ஒருங்கிணைந்த படிப்புகளும் ஒன்றல்ல. கான்சஸ் சிட்டியிலுள்ள மிசௌரி பல்கலைக்கழகம் 1971 முதல் ஆறாண்டுப் படிப்பை நடத்துகிறது. முதலாண்டிலேயே நோயாளிகளைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். கோடை விடுமுறை என்று பெரிதாக எதுவும் இருக்காது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் பிஎல்எம்இ என்ற ஒருங்கிணைந்த படிப்பு இதற்கு நேர் எதிர். முழுதாக எட்டாண்டு, எம்கேட் எழுத வேண்டாம், இளநிலையில் இலக்கியமோ வரலாறோ இசையோ எதை வேண்டுமானாலும் முதன்மைப் பாடமாக எடுக்கலாம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் ஹார்லெமில் நடத்தும் ஏழாண்டுப் படிப்பு, மருத்துவர் குறைவாக உள்ள பகுதிகளில் முதல்நிலை மருத்துவம் பார்ப்பவர்களை உருவாக்கவே 1973-இல் தொடங்கப்பட்டது. இதய அறுவை சிகிச்சையே கனவு என்றிருக்கும் பிள்ளைக்கு அந்த நோக்கம் ஒத்துவருமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஆண்டுகள் மிச்சமாவதுதான் வீடுகளில் முதலில் கண்ணில் படுகிறது. ஆறாண்டுப் படிப்பில் இரண்டாண்டுக் கட்டணமும் தங்கும் செலவும் குறைவது உண்மையிலேயே பெரிய தொகை. ஆனால் அந்த இரண்டாண்டில்தான் பலர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார்கள், வேறு பாடம் ஒன்றில் மனம் பறிகொடுக்கிறார்கள், மருத்துவம் தனக்கு வேண்டுமா என்று சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு ஆறாண்டுப் படிப்பில் நேரம் இல்லை. மருத்துவமனையில் தன்னார்வலராக இருந்து, சக்கர நாற்காலி தள்ளி, ஒரு மருத்துவரின் பின்னால் சில வாரங்கள் நடந்து பார்த்த பிறகும் ஆசை குறையாத மாணவருக்கே அது பொருந்தும். வீட்டார் ஆசைக்காக விண்ணப்பித்த பிள்ளையை நேர்காணலில் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அதிகம் ஏமாறும் இடம், 'உறுதியான இடம்' என்ற சொல். உறுதிக்கு நிபந்தனை உண்டு. பல கல்லூரிகள் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ 3.5 அல்லது அதற்கு மேல் நிற்க வேண்டும் என்கின்றன. அறிவியல் பாடங்களுக்குத் தனி அளவு வைப்பவையும் உண்டு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஒரு பருவம் சறுக்கினால் என்ன ஆகும்? எச்சரித்து ஒரு வாய்ப்புத் தருவார்களா, இடம் போய்விடுமா? எம்கேட் தேவையில்லை என்பவை ஒரு வகை. எழுதி, சொன்ன மதிப்பெண்ணுக்குமேல் எடுத்தே ஆக வேண்டும் என்பவை இன்னொரு வகை. 528-க்கு நடத்தப்படும் அந்தத் தேர்வில் உயர்ந்த அளவைக் கேட்கும் படிப்பை உறுதி என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி. அவ்வளவு எடுக்கக்கூடியவருக்கு வழக்கமான பாதையிலேயே பல கதவுகள் திறக்கும். வெளியே வேறு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் ஒதுக்கிய இடம் போய்விடும் என்ற விதியும் சில இடங்களில் உண்டு. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய பட்டியல்களை நம்பவும் கூடாது: நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1961-இல் தொடங்கிய புகழ்பெற்ற படிப்பே புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டது.

நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு விசாதான் முதல் கேள்வி. ஒருங்கிணைந்த படிப்புகள் பலவற்றில் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டுமே இடம். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் உள்ள பிள்ளைக்கு 21 வயதில் அந்தத் தகுதி முடிகிறது. அது படிப்பின் நடுவில் வந்து நிற்கும். அங்கேயே வளர்ந்த பிள்ளைதானே என்று இருந்துவிட்டு, விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு.

பணக் கணக்கும் மாறிவிட்டது. 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசு தரும் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் வந்துவிட்டது. மீதிக்குத் தனியார் கடனோ கைப்பணமோதான். ஆகவே தனியார் கல்லூரியின் ஒருங்கிணைந்த இடமும், மாநிலப் பல்கலைக்கழகத்தின் முழு உதவித்தொகையும் ஒரே நேரத்தில் கையில் இருந்தால், இரண்டாவதைச் சட்டென்று தள்ளிவிடக் கூடாது. இளநிலையைக் கடனில்லாமல் முடித்தவர் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும்போது தோளில் சுமை குறைவு.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் இரண்டு மூன்று படிப்புகள் சமமாக நின்றால், இளநிலைக் கல்லூரியைத் தனியாக எடுத்துப் பார்க்கலாம். மருத்துவம் பாதியில் கைவிட்டுப் போனாலும் அந்தக் கல்லூரியில் பொருளியலோ கணினியோ படித்து முடிக்க மாணவர் மனமார விரும்புவாரா? ஆம் என்றால் தயங்காமல் சேரலாம். பின்னால் உள்ள மருத்துவ இடத்துக்காக மட்டுமே பிடிக்காத கல்லூரி ஒன்றில் நான்காண்டு தள்ளப் போகிறார் என்றால் வழக்கமான பாதையே மேல். மருத்துவக் கல்லூரியைப் பொறுத்தவரை, அங்கு முடித்தவர்கள் எந்தெந்தத் துறைகளில் ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சி இடம் பெற்றார்கள் என்ற பட்டியலைக் கேட்டுப் பார்த்தால் போதும்.

கிடைத்த இடத்தை ஏற்பதா என்று பதில் சொல்லப் பெரும்பாலான கல்லூரிகள் தரும் கடைசி நாள் மே 1.