கடையில் பீஸ் போனால்

கெடார் கடைத்தெருவிலும், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பழைய மண்டிகளிலும் வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைகளை இன்னமும் காண்கிறோம். தாத்தா காலத்து வயரிங். மாற்ற மனம் வருவதில்லை. மாற்றும் வரையிலாவது அதைச் சரியாகக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும்.

மீட்டருக்கு முன்னால், சர்வீஸ் வயர் வந்து சேரும் இடத்திலுள்ள கட்-அவுட் மின்வாரியத்தினுடையது. அதை நாம் தொடக்கூடாது. பக்கத்துக் கடையில் விளக்கு எரிந்து, நமது மெயின் சுவிட்சு வரையே மின்சாரம் வரவில்லையென்றால் லைன்மேனிடம் சொல்ல வேண்டும். 2021-இல் தொடங்கிய மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் சொல்லலாம். மீட்டருக்குப் பின்னால் உள்ளவையே நம்முடையவை.

பீஸ் போனால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. ஃபிரிட்ஜ், ஃபேன், மாவு மிஷின் எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். ஈரக்கை, வெறுங்கால் கூடாது. பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால் பெரும்பாலும் லோடு கூடிப்போனது. கம்பியே காணாமல், பீங்கான் கரி பிடித்து, செம்புத் துளிகள் சிதறியிருந்தால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுக்கம்பி போட்டுப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய வயரிங்கில் பேஸ், நியூட்ரல் இரண்டிலுமே பீஸ் இருக்கும். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே நியூட்ரலில் தனி பீஸ் கூடாது என்றன. நியூட்ரல் பீஸ் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். லைட்தான் எரியவில்லையே என்று கை வைத்தால் உயிருக்கே ஆபத்து.

கம்பி விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தவறு செய்கிறோம். ஈயம் பூசிய செம்புக்கம்பியில் 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர், 10-க்கு 0.35, 15-க்கு 0.5. ஒரு ஆம்பியர் என்பது ஏறத்தாழ 230 வாட். ஆறு டியூப்லைட், இரண்டு ஃபேன் சேர்த்தாலும் இரண்டு ஆம்பியர் அளவுதான். லைட் லைனுக்கு 5 ஆம்பியர் கம்பி தாராளம். அந்தக் கம்பியே ஏறத்தாழ இரு மடங்கு ஓடினால்தான் உருகும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நமது கோடவுனில் ஒரு கோடையில் பீஸ் அடிக்கடி போகிறதென்று கடைப்பையன் வயரை உரித்து நாலு இழையை முறுக்கிக் கட்டிவிட்டான். அதன்பின் பீஸ் போகவே இல்லை. நாமும் நல்லதென்று இருந்துவிட்டோம்! பத்து நாள் கழித்து ராத்திரி ரப்பர் கருகிய வாடை. சாக்கு அடுக்கின் மேலே வயர் ஜாயிண்ட் கனன்றுகொண்டிருந்தது. மெயினை அணைத்ததால் பதினோரு மூட்டைச் சாக்கு கருகியதோடு போயிற்று. பையன் மேல் குற்றமில்லை. ஏன் போகிறது என்று பார்க்காதது நம் குற்றம்.

பழைய துணுக்குகளை எடுத்துவிட்டு, ஒரே இழையைத் திருகாணி முறுகும் திசையில் ஒரு சுற்றுச் சுற்றி முறுக்குங்கள். மறுமுனைக்கு இழுத்துக் கட்டாமல் சற்றுத் தளர்வாக விடுங்கள். விறைப்பாக இழுத்தால் கம்பி மெலிந்து சும்மாவே அறும். மீதியை வெட்டி, கட்டையை அழுத்திச் செருகி, பிறகே மெயினைப் போடுங்கள். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்கும்போதே மறுபடி போனால் கோளாறு வயரிங்கில். ஒவ்வொன்றாகப் போட்டு வரும்போது போனால் கடைசியாகப் போட்ட சாமானில்.

கை ஓடும்போது லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டுவிடுங்கள். ஷாக் அடிக்கும்போது பீஸ் போகாது. அங்கே காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. அந்த வேலையோடு நியூட்ரல் பீஸையும் எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை கல்லாப்பெட்டியில் டார்ச்சும் 5 ஆம்பியர் கம்பியும் இருக்கட்டும். 15 ஆம்பியர் கம்பியை வேறு டப்பாவில் வையுங்கள். இருட்டில் கை மாறிவிடும்.