வெளித்தோற்றமும் உள்ளமைப்பும்: தென்னையும் ஆலும்

சென்னை அடையாற்றில், பிரம்மஞான சங்கத் தோட்டத்தில் உள்ள பெரிய ஆலமரம் பிரசித்தி பெற்றது. அதன் வயது ஏறத்தாழ 450 ஆண்டுகள் எனச் சொல்லப்படுகின்றது. 1989-ஆம் ஆண்டில் புயற்காற்றினால் அதன் நடு அடிமரம் சாய்ந்துவிட்டது. ஆயினும் மரம் மடியவில்லை. விழுதுகளே தூண்களாக நின்று அதனைத் தாங்குகின்றன. ஆனால் தென்னையின் குருத்து ஒரு முறை முறிந்துவிடின் அம்மரம் பின்னர்த் தழைப்பதில்லை. இரண்டும் உயர்ந்து வளர்வன. இரண்டையும் மரமென்றே உலகோர் வழங்குவர். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? அது வெளித்தோற்றத்தில் இல்லை; உள்ளமைப்பில் இருக்கின்றது.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். தொல்காப்பிய மரபியல், வைரம் புறத்தே உள்ளவற்றைப் புல்லினத்திலும், அகத்தே உள்ளவற்றை மர இனத்திலும் சேர்க்கின்றது. அம்முறைப்படி தெங்கும் பனையும் மூங்கிலும் புல். வேம்பும், மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சமாகிய புன்னையும் மரம். இக்காலத் தாவர நூலாரும் தென்னையை நெல், கரும்பு முதலியவற்றோடு ஒருவித்திலைத் தாவரம் என ஒரே பெரும் பிரிவில் வைக்கின்றனர்.

வேம்பின் அடிமரத்தைக் குறுக்கே அறுத்து நோக்கினால், வெளியே பட்டையும், உள்ளே வெள்ளை மரமும், நடுவே நிறம் மிகுந்த வைரமும் காணப்படும். இலைகள் சமைக்கும் உணவு உட்பட்டை வழியாகக் கீழிறங்கும். வேர் உறிஞ்சும் நீர் வெள்ளை மரத்தின் வழியாக மேலேறும். இவ்விரண்டிற்கும் இடையே மிக மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. மரம் ஆண்டுதோறும் பருப்பதும், வெட்டுக்காயம் ஓரத்திலிருந்து மூடி ஆறுவதும் இப்படையினாலேயே. ஆலின் விழுது மண்ணைத் தொட்டபின் பருத்து அடிமரம் போலாவதும் இதனாலேயே.

தென்னையில் இத்தகைய வளர்படை இல்லை. நீரையும் உணவையும் கொண்டுசெல்லும் குழாய்கள் நார்க்கற்றைகளாகத் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அவை ஓரத்தில் நெருங்கியும் நடுவில் விலகியும் இருத்தலால், புறம் கடினமாகவும் அகம் மென்மையாகவும் அமைந்தன. பனையைப் பிளந்து உட்சோற்றை நீக்கி நீர் செல்லும் ஓடையாகப் பயன்படுத்துவதும் இவ்வமைப்புப் பற்றியே. தென்னை வளர்வதற்கு உச்சியிலுள்ள குருத்து ஒன்றே இடம்.

மரத்தை வெட்டாமலே இவ்வேற்றுமையைப் பள்ளி மாணாக்கர்க்குக் காட்டலாம். ஆலிலையில் நரம்புகள் வலைபோற் பின்னியிருக்கும்; தென்னை ஓலையில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். இரவில் ஊறவைத்த மொச்சையின் தோலை நீக்கினால் இரு பருப்பாகப் பிரியும். மக்காச்சோளம் அவ்வாறு பிரியாது. இலையும் விதையும் உள்ளமைப்பைக் கூறும் சாட்சிகள். உயரமும் பருமனும் அவ்வாறல்ல.

இவ்வறிவு குடியானவர்க்குப் பெரிதும் பயன்படும். தென்னையில் ஏறுவதற்காகக் கொத்தும் படிகள் ஒருநாளும் ஆறுவதில்லை. அக்காயங்களில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும்; அதன் புழுக்கள் உள்ளிருக்கும் மென்பகுதியைக் குடைந்துவிடும். வெளியே மரம் நலமாகத் தோன்றும்போதே உள்ளே அழிவு நடைபெறும். ஆகையால் தண்டில் படி வெட்டலும் ஆணி அறைதலும் கூடா. பச்சை மட்டையை வெட்ட நேரின் தண்டிலிருந்து ஏறத்தாழ 4 அடி விட்டு வெட்டுக. குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு எருக்குழிகளில் இனம் பெருக்குமாதலால், எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தல் வேண்டும்.

வேம்பு, புளி முதலியவற்றிற்கு ஆபத்து வேறு வகையானது. பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்தாலும், கம்பியை இறுகக் கட்டி அது உட்பட்டையை அறுக்கும்படி விட்டாலும், வேருக்குச் செல்லும் உணவு தடைப்பட்டு மரம் நாளடைவில் பட்டுப்போகும். மாடு கட்டும் கயிற்றையும் வேலிக் கம்பியையும் அடிக்கடி தளர்த்திவிடுதல் நன்று.

தென்னைக்கு உயிர்நிலை குருத்து. வேம்புக்கு உயிர்நிலை பட்டையின் உட்புறம். இதனை அறிந்து காப்பவர் தோப்பு நெடுங்காலம் பயன் தரும்.