டேப்லெட்டின் வேகமும் டேட்டாவின் கணக்கும்



பில் போடவும், சரக்கு இருப்பு பார்க்கவும், ஜி.எஸ்.டி. கணக்கு வைக்கவும் டேப்லெட் வாங்கலாமா என்று நம் உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். எங்கள் பருப்பு மண்டியில் ஒன்று வாங்கி இரண்டு வாரமாகப் புழக்கத்தில் இருக்கிறது. கவனித்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் மிகவும் மந்தமாக ஓடியது. கடைப் பையன்கள் மட்டமான மாடல் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். விஷயம் அதுவல்ல. புதுக் கருவியைத் திறந்ததும் அதிலுள்ள மென்பொருள்கள் தம்மைப் புதுப்பித்துக் கொள்ள ஆரம்பிக்கின்றன. அன்றைய டேட்டாவும் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே முதல் இரவு வீட்டு வைஃபையில் விட்டு, புதுப்பிப்பு முடிந்த பின் கடைக்குக் கொண்டு வாருங்கள். இனிமேலும் வைஃபையில் மட்டுமே புதுப்பிக்கும்படி செட்டிங்கில் மாற்றிவிடுங்கள்.

கருவியின் சொந்த வேகம் வேறு, நெட்டின் வேகம் வேறு. பில் மென்பொருளும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஓட வேண்டுமானால் ரேம் 4 ஜி.பி.க்குக் குறையக்கூடாது. நெட் வேகத்தைப் பெரிய ஷோரூமில் பார்த்து நம்பவேண்டாம். அந்த கம்பெனி சிம் உள்ள ஒரு செல்போனை, நம் கல்லாப் பெட்டி அருகில், மாலை 7 மணிக் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி டேட்டா. இங்கேதான் நிறுவை தெரிய வேண்டும். வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். டேட்டாவைப் பைட்டில் விற்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். நாளுக்கு 1.5 ஜி.பி. என்பது 20 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இடைவிடாமல் இறங்கினால் 10 நிமிடத்தில் தீர்ந்துபோகும். பில் போடுவதற்குச் செலவாவது மிகச் சொற்பம், தின்பது வீடியோதான். நாள் அளவு தீர்ந்தபின் பல திட்டங்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகிவிடும். அதாவது விநாடிக்கு 8 கிலோபைட். 2 எம்.பி. அளவுள்ள ஒரு விலைப்பட்டியல் படம் வந்து சேர 4 நிமிடத்துக்கு மேல் ஆகும். மதியம் பையன் படம் பார்த்தால், மாலையில் பணம் வந்ததா என்று பார்க்க வாடிக்கையாளரை நிறுத்தி வைக்க வேண்டியதுதான்! நெட் இல்லாவிட்டாலும் பில் போடக்கூடிய மென்பொருளா என்பதை வாங்குமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதத் திட்டம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் 28 நாள்தான். வருடத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை பணம் கட்டுகிறோம். 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் ஒவ்வொரு கம்பெனியும் தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022-ல் உத்தரவிட்டது. கேட்டு வாங்குங்கள். விலையை நாளால் வகுத்துப் பார்த்து ஒப்பிடுங்கள்.

சிம் இல்லாத வைஃபை டேப்லெட் விலை குறைவு. முதலாளி செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் அது ஓடும். ஆனால் முதலாளி கொள்முதலுக்குப் புறப்பட்டால் நெட்டும் கூடவே புறப்பட்டுவிடும். ஒருவரே நடத்தும் கடைக்கு அது போதும்; ஆள் மாறி உட்காரும் கடைக்குச் சிம் உள்ளதே சரி.

டேப்லெட்டைக் கடையின் ஜி.எஸ்.டி. எண் போட்டு பில்லுடன் வாங்கினால், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடையாது.