காஞ்சிக்குக் குடிவருவோர் கவனத்துக்கு

காஞ்சிபுரம் புதியவர்களை அன்போடு ஏற்கும் ஊரா என்ற வினாவுக்கு, வருகிறவர் எதற்காக வருகிறார், எத்தனை நாள் இருக்கப்போகிறார் என்ற இரண்டையும் அறியாமல் விடை கூற இயலாது. சாமி கும்பிட வருபவர், பட்டு வாங்க வருபவர், குடியிருக்க வருபவர் என்று வருவோரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால், முதல் இரு பிரிவினருக்கு இந்த ஊர் காட்டும் முகம் வேறு, மூன்றாம் பிரிவினருக்குக் காட்டும் முகம் வேறு என்பது விளங்கும். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது முதல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து, சென்னைப் புறநகரின் வாடகைக்கு அஞ்சிக் காஞ்சிபுரத்தில் வீடு பார்க்கும் தென்மாவட்டக் குடும்பங்கள் பல இருப்பதால், இம்மூன்றாம் பிரிவினரைப் பற்றியே இங்கு விரிவாகப் பேச வேண்டியுள்ளது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, நெசவாளர் தெரு ஒன்றில் மாடிப்பகுதியில் குடியிருந்து, மனக்கசப்போடு வெளியேறிய ஒரு குடும்பத்தின் அனுபவமே இங்குக் கூறப்படுவனவற்றுக்கு ஆதாரம்; வாசகரும் ஏறத்தாழ அதே நிலையில் இருப்பவர் என்று கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

விருந்தாளியை நடத்துவதில் காஞ்சிக்குக் குறை சொல்ல முடியாது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் தலைநகரைப் பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், இவ்வூரார் வாய்மையைப் பெரிதும் மதிப்பவர்கள், கல்வியைப் போற்றுபவர்கள் என்றும், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களில் பதினாயிரம் துறவிகள் வாழ்ந்தனர் என்றும் குறித்துள்ளார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அவர் வாடகைக்கு வீடு கேட்டவரல்லர். நம் காலத்திலேயே, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே எழுந்தருளும் அத்திவரதரைக் காண 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரையிலான 48 நாட்களில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்தபோது, சின்னகாஞ்சித் தெருக்களில் வசித்தோர் தம் வீட்டுக்குப் போய்வரவே சிரமப்பட்ட நிலையிலும், வரிசையில் நின்றோருக்கு நீர்மோரும் குடிநீரும் கொடுத்தனர், முதியோரைத் திண்ணையில் உட்கார வைத்தனர். அன்று மாலையே ஊர் திரும்பிவிடுவார் என்று தெரிந்தவரிடம் தாராளமாக இருப்பது எந்த ஊருக்கும் எளிது என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும்.

குடியிருக்க வருபவரின் நிலையை இவ்வூரின் சொந்தக் கதைகளே சொல்கின்றன. பூவிருந்தவல்லியில் பிறந்து காஞ்சி வரதருக்கு ஆலவட்டக் கைங்கரியம், அதாவது விசிறி வீசும் தொண்டு, செய்துவந்த திருக்கச்சி நம்பியை இராமானுசர் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்தார் என்றும், இராமானுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பி வந்து உண்டு போய்விட, அந்தணரல்லாதவர் உண்ட இடம் என்று இராமானுசரின் மனைவி அதைக் கழுவி, குளித்து, புதிதாகச் சமைத்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அழைப்பவர் ஒருவர், கழுவுபவர் மற்றொருவர் என்ற இந்த இரட்டை நிலை அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது என்று எண்ணுவோர், காஞ்சியில் வீடு தேடிப் பார்க்கலாம். மற்றொரு கதையில், மன்னன் ஆணையால் கணிகண்ணன் ஊரைவிட்டு வெளியேற நேர்கிறது. அவனுடைய ஆசிரியர் திருமழிசையாழ்வாரும், ஆழ்வார் வேண்டியதால் பெருமாளும் தம் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அவனோடு கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் ஓர் இரவு தங்கியதாகச் சொல்லப்படும் ஓரிருக்கை, இன்று ஓரிக்கை என்ற பெயரில், ஊருக்குள் இடம் கிடைக்காதவர்கள் மனை வாங்கி வீடு கட்டும் பகுதியாக இருப்பது தற்செயலாக இருக்கலாம்.

இதில் வியப்புக்குரிய செய்தி, புதியவரை நிறுத்தி விசாரிக்கும் தெருக்களே ஒரு காலத்தில் புதியவர்களால் உருவானவை என்பதாகும். பத்மசாலியர், தேவாங்கர் முதலிய நெசவுச் சமூகத்தினர் தெலுங்கு, கன்னட நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். பல வீடுகளில் இன்றும் வீட்டுமொழி தெலுங்கு. அவர்களை வெளியூரார் என்று இப்போது எவரும் சொல்வதில்லை, ஆனால் அந்த நிலையை அடையச் சில நூற்றாண்டுகள் ஆயின. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வருபவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

வீடு பிடிக்கும் வழக்கமான படிகளை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச முடியாது என்பதால் வைகாசி, ஆனி மாதங்களிலேயே பார்த்துவிட வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஆனால் கேட்பார்கள், கொடுப்பவர்களும் கொடுப்பார்கள். "எந்தப் பக்கம்?" என்று தொடங்கி, "சைவமா?" என்று நகர்ந்து, "என்ன ஆளுங்க?" என்பதில் முடியும் விசாரணைக்கு விடை சொல்ல மறுப்பது முற்றிலும் நியாயமானது என்றாலும், மறுத்தவருக்கு அந்த வீடு நேற்றே பேசி முடிந்துவிட்டது என்ற செய்திதான் கிடைக்கும். இந்த விசாரணையைக் கடந்து உள்ளே போனவர் தம்மை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டதாக எண்ணுவது இயல்பு. உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வருகிறது.

புதியவர் செய்யக்கூடியவற்றுள் மிகவும் விலையுயர்ந்த தவறு, அண்டை வீட்டு நெசவாளரிடம் தமக்கென ஒரு சேலை நெய்து தருமாறு நேரடியாகக் கேட்பதாகும். கேட்கும்போது இது தவறாகவே தோன்றாது என்பதால் இதைச் சற்று விரிவாக விளக்க வேண்டும். மேற்சொன்ன குடும்பம் குடியிருந்த மாடிக்குக் கீழே குழித்தறி இருந்தது. தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மிதிபலகையை மிதித்து நெய்யும் தறி அது. காலையில் கீழே அச்சு அடிக்கத் தொடங்கியதும் மாடி அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி அதிரும். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும்போது மட்டும் வீடு அமைதியாக இருக்கும். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வைத்து, மூன்று நாடாக்களை மாற்றி மாற்றி ஓட்டி, இரண்டையும் பிரிக்க முடியாதபடி பின்னும் கோர்வை முறைக்கு இருவர் கை வேண்டும் என்பதால், நெசவாளரின் மனைவி தறியின் ஓரத்தில் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுப்பார். குடிவந்த வீட்டுப் பெண்ணும் அவரும் "அக்கா" என்று அழைத்துக்கொள்ளும் அளவுக்குப் பழகினர். குழந்தை பள்ளி விட்டதும் தறியடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது. குடிவந்தவர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. காந்தி சாலைப் பட்டுக்கடையில் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மிச்சமாகும், நெசவாளருக்கும் வழக்கமான கூலியைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கில், முகூர்த்தச் சேலைக்கு முன்பணம் கொடுக்கப்பட்டது. மேடையிலும் பத்திரிகையிலும் "இடைத்தரகர் இல்லாமல் நெசவாளரிடமே வாங்குங்கள்" என்று சொல்லப்படுவதைக் கேட்ட எந்த நல்ல மனமும் செய்யக்கூடிய காரியம்தான் இது.

வெளியிலிருந்து வந்தவருக்குத் தெரியாதது, தறி நெசவாளர் வீட்டில் இருந்தாலும் தறியில் ஓடும் நூல் பெரும்பாலும் அவருடையதாக இருப்பதில்லை என்பதாகும். முதலாளி என்று இவ்வூரில் அழைக்கப்படுபவர், அல்லது கூட்டுறவுச் சங்கம், பாவையும் (நெடுக்கு நூல்) ஊடையையும் (குறுக்கு நூல்) சரிகையையும் எடைபோட்டுக் கொடுத்து, நெய்த சேலையை எடைபோட்டு வாங்கி, சேலைக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார். கல்யாணம், மருத்துவம், பள்ளிக் கட்டணம் என்று முதலாளியிடம் வாங்கிய கடன் நெசவாளரின் பெயரில் நிற்கும். அது தீரும்வரை வேறு எவருக்கும் அவர் நெய்வதில்லை. ஜக்கார்டு பெட்டியில் மாட்டி, கரையில் மாங்காயா உருத்திராட்சமா என்பதைத் தீர்மானிக்கும் துளையிட்ட அட்டைகளும் பல வேளைகளில் முதலாளி கொடுத்தவையே. ஆகவே, நூலை வெளியில் வாங்கிக் கொடுத்தாலும், முதலாளிக்குச் சேர வேண்டிய நாட்களையும் அவருடைய வடிவத்தையும் புதியவர் கேட்டு வாங்கியதாகவே தெரு அதைப் பார்க்கிறது. கேட்கப்பட்ட நெசவாளர் முடியாது என்று சொல்லவில்லை. "பார்க்கலாம் சார்" என்றார், பிறகு பணத் தேவை நெருக்கியபோது வாங்கிக்கொண்டார். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் தர வேண்டிய முதலாளியின் சேலை தாமதமானதும் செய்தி அவரை எட்டியது. முதலாளி மீதி நூலைத் திரும்ப எடுத்துக்கொண்டு கடனைக் கேட்டார், தறி சும்மா கிடந்தது.

அதன் பின் நடந்தது சண்டையன்று. ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நவராத்திரிக் கொலுவுக்கு அந்த ஆண்டு எந்த வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை. குழந்தை தறியடிக்குப் போனபோது "அம்மா தேடுவாங்க, மேல போ" என்று அனுப்பப்பட்டது. வீட்டுக்காரர் மகனுக்கு மாடி தேவைப்படுகிறது என்றார். அந்த மகன் இன்றுவரை அங்கு குடிவரவில்லை என்பதையும் பதிவு செய்யாமல் விட இயலாது.

இதில் பழி யாருக்கு என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. நெசவாளர் மீது பழி சொல்வது அநியாயம். கடனில் இருப்பவருக்கு மறுக்கும் சுதந்திரம் குறைவு, அந்தச் சம்பவத்தில் மிகுதியாக இழந்தவரும் அவரே. கேட்டவர் தெரியாமல் கேட்டார், தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவருக்கு யாரும் தரவில்லை. முன்பணம் கைமாறியதை அன்றே அறிந்தவர்கள் தெருவில் பலர் இருந்தனர். நெசவு வழக்கம் அனைத்தும் அறிந்த வீட்டுக்காரரும் அவர்களுள் ஒருவர். "நாங்க அப்படித்தான் வாங்கினோம், ஒண்ணும் ஆகல" என்று ஆலையில் யோசனை சொன்ன சக ஊழியர், உண்மையில் தம் சொந்த மாமனிடம் வாங்கியிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. உறவுக்குள் நடக்கும்போது விட்டுக்கொடுக்கப்படும் செயல், வெளியாள் செய்யும்போது குற்றமாகிவிடுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டவர்களின் மௌனத்தை நட்பு என்று அழைக்க முடியாது. விசாரிக்கும்போது சாதிவரை கேட்கும் தெருவுக்கு, எச்சரிக்க மட்டும் வாய் வராமற்போனதுதான் இதில் மன்னிக்க முடியாதது.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது நலம். பட்டு வேண்டுமானால் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்திலோ, மேற்கண்ட நம்பியின் பெயரையே தாங்கிப் பட்டுக்கடைகள் நிரம்பியிருக்கும் திருக்கச்சி நம்பி தெருவிலோ ரசீதோடு வாங்க வேண்டும். சில்க் மார்க் முத்திரை பட்டு தூயது என்பதற்கு மட்டுமே உறுதி; கைத்தறியா விசைத்தறியா என்பதையோ, சரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதையோ அது சொல்லாது, அவற்றைத் தனியே கேட்டு ரசீதில் எழுதி வாங்க வேண்டும். பேருந்து நிலையத்தில் தானாக வந்து பேசி, "தெரிஞ்ச கடை" என்று அழைத்துப்போகும் ஆட்டோக்காரரின் அன்பில் கடையின் கமிஷன் கலந்திருக்கும். தெருக்கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வரியைப் பேரம் பேசாமல் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும்; புதியவரின் பெயர் தெருவின் நோட்டில் ஏறும் முதல் இடம் அதுதான். தொழிற்சாலை ஷிப்டில் போய்வருபவருக்குச் செவிலிமேடு, ஓரிக்கைப் பகுதிகளே ஏற்றவை. அங்கு கொலுவுக்கு அழைப்பவர்கள் குறைவு. அழைப்பதை நிறுத்துபவர்களும் குறைவு. அக்குடும்பம் இப்போது செவிலிமேட்டில் இருக்கிறது, அந்த முடிவில் அதற்கு வருத்தம் இல்லை.

எல்லாம் கேட்ட பிறகும் நெசவாளர் தெருவிலேயே குடியிருக்க விரும்புகிறவர், அட்வான்ஸ் கொடுக்கும் முன், கீழ்வீட்டுத் தறி யாருக்கு ஓடுகிறது என்று வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதற்குத் தெளிவாக விடை சொல்லாத வீட்டை வேண்டாம் என்று விட்டுவிடட்டும்.