பம்புசெட் மின்பலகையில் எர்த் இணைப்பு

ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டால் லேசாகக் கரண்ட் அடிக்கிறதா? ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டே காலம் தள்ளுவோர் நம்மில் பலர். வாய்க்காலில் நின்ற ஈரக்காலோடு வீட்டுப் பிள்ளை அதைத் தொட்டால் என்னவாகும்?

மெயின் சுவிட்ச், ஸ்டார்ட்டர் ஆகிய இரும்புப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் எர்த் கம்பி தேவை. மும்முனை மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு தேவை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டே இதைச் செய்யவும். அவர் திருகை முடுக்கும்போது அருகில் நின்று பாருங்கள். பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் பளிச்செனத் தேய்த்தாரா? பெயிண்டின் மேல் முடுக்கிய கம்பி பார்வைக்குத்தான் எர்த்.

நியூட்ரல் கம்பியையே பெட்டியில் கட்டி ‘எர்த்’ என்பாரும் உண்டு. கூடவே கூடாது. வழியில் நியூட்ரல் அறுந்தால் பெட்டியே மின்சாரமாகிவிடும்.

குழியில் துளையிட்ட ஜி.ஐ. குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இடுவது வழக்கம். குழாய் 2.5 மீட்டர் நீளம் இருக்கட்டும். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும். பயிருக்குப் பாய்ச்சும்போது இதற்கும் ஒரு குடம் ஊற்றுங்கள்.

கணக்கைப் பாருங்கள். தடை 10 ஓம் எனில், 230 வோல்ட்டில் மண்ணுக்குள் பாய்வது 23 ஆம்பியர். பியூஸில் தடித்த செப்புக்கம்பி முறுக்கியிருந்தால் உருகாது. 50 ஓம் ஆனால் 5 ஆம்பியருக்கும் குறைவு. சரியான பியூஸும் உருகாது, பெட்டியில் மின்சாரம் நிற்கும். ஆகவே எர்த்தோடு இ.எல்.சி.பி. எனப்படும் மின்கசிவுத் தடுப்பானையும் பொருத்தச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உடனே மாற்றுங்கள்.