பயிற்சியாசிரியர் ஆன்சன் டாரன்ஸ்

கால்பந்தாட்டம் ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணம் உலகின் பல நாடுகளில் நெடுங்காலம் வேரூன்றி இருந்தது. அவ்வாட்டத்திற்கு விதிகளை வகுத்துக் கொடுத்த இங்கிலாந்திலேயே, 1921-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் களங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென ஒதுக்கப்பட்ட பொருள் பெரும்பாலும் ஆடவர்க்கே செலவாயிற்று. 1972-ஆம் ஆண்டில், கூட்டாட்சி அரசின் பொருளுதவி பெறும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டலாகாது என அந்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. அதன் பின்னரே கல்லூரிகள்தோறும் மகளிர் ஆட்டக் குழுக்கள் தோன்றலாயின. அவ்வாறு தோன்றிய குழு ஒன்றினை நாற்பத்தைந்து ஆண்டுகள் பயிற்றுவித்தவர் ஆன்சன் டாரன்ஸ்.

டாரன்ஸ் 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 9-ஆம் நாள் நம் நாட்டின் பம்பாய் நகரில் பிறந்தார். தந்தையார் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் அலுவலர். அவர் பணி மாறிய இடங்களுக்கெல்லாம் குடும்பமும் சென்றது. எத்தியோப்பியா, கென்யா, சிங்கப்பூர் எனப் பல நாடுகளில் டாரன்சின் இளமை கழிந்தது. பள்ளிப் படிப்பின் பிற்பகுதி சுவிட்சர்லாந்தில் நிறைவுற்றது. அமெரிக்கர் பலர் கால்பந்தைக் கண்டிராத அக்காலத்தில், சென்ற இடமெல்லாம் சிறுவர் அதனை ஆடக் கண்டு வளர்ந்தவர் அவர். பின்னர் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆங்கிலமும் மெய்ப்பொருளியலும் கற்றார். அங்குக் கால்பந்துக் குழுவிலும் இடம்பெற்றார்.

பட்டம் பெற்றபின் சட்டம் பயிலத் தொடங்கிய டாரன்ஸ், 1977-இல் தம் பல்கலைக்கழகத்தின் ஆடவர் கால்பந்துக் குழுவிற்குப் பயிற்சியாசிரியர் ஆனார். அக்காலத்தில் அங்குப் பயின்ற மாணவியர் சிலர் தாமே ஒரு கழகம் அமைத்துக் கால்பந்து ஆடி வந்தனர். தம் குழுவைப் பல்கலைக்கழகத்தின் முறையான குழுவாக ஏற்க வேண்டும் என்று அவர்கள் விளையாட்டுத் துறைத் தலைவரை வேண்டினர். அவர்கள் ஆட்டத்தைப் பார்த்து வருமாறு தலைவர் டாரன்சை அனுப்பினார். பார்த்தவர் வேண்டுகோளை ஏற்கலாம் என்றார். அக்குழுவைப் பயிற்றும் பொறுப்பும் 1979-இல் அவர்மீதே சுமத்தப்பட்டது. சட்டப் படிப்பைக் கைவிட்டார். 1988 வரை ஆடவர், மகளிர் ஆகிய இரு குழுக்களையும் அவரே பயிற்றினார்.

இவ்விரட்டைப் பணி அவருக்கே ஒரு பள்ளியாயிற்று. ஆடவர் குழுவில் ஆட்டம் முடிந்ததும் அதன் படத்தை ஓட்டி, ஒவ்வொருவர் செய்த பிழையையும் சுட்டிக் காட்டுவது வழக்கம். தாம் பிழை செய்யவில்லை என்று வாதிடும் இளைஞர்க்குப் படமே சான்றாக நின்றது. மாணவியரிடம் இம்முறை பயன்படவில்லை. தம் பிழைகளை அவர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். படத்திலும் அவற்றையே மீண்டும் கண்டபோது மனம் தளர்ந்தனர். இதனை உணர்ந்த டாரன்ஸ், அவர்கள் நன்றாக ஆடிய பகுதிகளைத் தொகுத்துக் காட்டத் தொடங்கினார். சினந்து கூவுவதைக் குறைத்தார். மகளிர் எல்லோரும் ஒரே இயல்பினர் என்று கொள்வதும் பொருந்தாது. எனினும், தாம் பழகிய முறையே எவர்க்கும் பொருந்தும் என்று பிடிவாதம் செய்யாத ஆசிரியர் ஒருவரை இங்குக் காண்கிறோம்.

சொல்லில் மென்மை காட்டிய அவர் பயிற்சியில் மென்மை காட்டவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துக் குழுவைப் பயிற்றிப் பெரும்புகழ் பெற்றிருந்தவர் டீன் ஸ்மித். அவரது பயிற்சியின்போது ஒவ்வொருவர் செயலும் குறித்துவைக்கப்படுவதை டாரன்ஸ் கண்டார். அதனைத் தம் களத்திற்குக் கொணர்ந்து மேலும் விரித்தார். ஒருத்தியை ஒருத்தி எதிர்த்துப் பந்தைப் பறிக்கும் போட்டி, தலையால் பந்தை முட்டும் போட்டி, கோல் அடிக்கும் போட்டி, ஓட்டப் போட்டி எனப் பயிற்சி முழுவதும் போட்டிகளாகவே அமைந்தன. வெற்றி தோல்விகளை உதவியாளர் ஏட்டில் எழுதினர். பின்னர், முதல் இடம் பெற்றவள் முதல் கடைசி இடம் பெற்றவள் வரை அனைவர் பெயரும் வரிசையாகப் பலகையில் ஒட்டப்பட்டன. தோழியை வென்றால் நட்புக் கெடும் என்று அஞ்சித் தம் திறமையை அடக்கிக்கொள்ளும் வழக்கம் அக்காலப் பெண்கள் பலரிடம் இருந்தது. களத்தில் எதிரிகளாக மோதி, களம் விட்டு நீங்கியதும் தோழியராகப் பழக அவர்கள் அங்கே கற்றனர். கடைசிப் பெயராக நின்ற மாணவிக்கு அப்பலகை எத்துணை வருத்தம் தந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அம்முறை எல்லோர்க்கும் எளிதாக இருந்ததன்று.

இலக்கியப் பயிற்சி உடைய டாரன்ஸ், தம் குழுவினர் பின்பற்ற வேண்டிய நெறிகள் சிலவற்றையும் வகுத்தார். குறைகூறிப் புலம்பாமை அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு நெறிக்கும் ஏற்ப, பெர்னார்டு ஷா முதலிய எழுத்தாளர் நூல்களிலிருந்து ஒரு பகுதியை மாணவியர் மனப்பாடம் செய்தனர். படிப்பை முடித்து வெளியேறும் மாணவியர் ஒவ்வொருவருக்கும் அவர் தம் கைப்பட மடல் எழுதுவார். இறுதி ஆட்டத்திற்கு முன் குழுவினர் நடுவே அவற்றைப் படிப்பார். அடித்த கோல்களின் எண்ணிக்கையைவிட, அம்மாணவி தோழியரிடம் நடந்துகொண்ட பண்பே அம்மடல்களில் மிகுதியாகப் பேசப்படும்.

ஒரு நாள் காலை டாரன்ஸ் தம் காரில் அலுவலகம் சென்றுகொண்டிருந்தார். வழியில் ஒரு திடலில் தனியாக ஒரு பெண் ஓடுவதும், குனிந்து மூச்சு வாங்குவதும், மீண்டும் ஓடுவதுமாக இருக்கக் கண்டார். அவள் தம் மாணவி மியா ஹாம். அவர் வண்டியை நிறுத்தவில்லை. அவளை அழைக்கவும் இல்லை. அலுவலகம் சேர்ந்ததும், பிறர் காணாத வேளையில் வியர்வை சொட்ட உழைத்துக் களைப்பவரே வெற்றியாளர் என்னும் கருத்தமைந்த சிறு குறிப்பு ஒன்றை எழுதி அவளுக்கு அனுப்பினார். பதினைந்தாம் அகவையிலேயே 1987-இல் அவளை நாட்டுக் குழுவில் ஆடச் செய்தவரும் அவரே. பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த வீராங்கனையருள் ஒருவராகப் போற்றப்பட்டவர் இந்த மியா ஹாம்.

1986 முதல் 1994 வரை டாரன்ஸ் அமெரிக்க நாட்டு மகளிர் குழுவிற்கும் பயிற்சியாசிரியராக இருந்தார். மகளிர்க்கான முதல் உலகக் கோப்பைப் போட்டி 1991-இல் சீன நாட்டில் நடைபெற்றது. ஆடவர் ஆட்டம் தொண்ணூறு நிமிடமாக இருக்க, மகளிர்க்கு எண்பது நிமிடமே வரையறுத்திருந்தனர். அமெரிக்கக் குழுவினருள் ஏறத்தாழப் பாதிப் பேர் வட கரோலைனாவில் அவரிடம் பயின்றவர்கள். நவம்பர் 30-ஆம் நாள் குவாங்சோ நகரில் அறுபதாயிரவர்க்கு மேற்பட்டோர் கூடிய அரங்கில் அமெரிக்காவும் நார்வேயும் இறுதி ஆட்டத்தில் மோதின. முதலில் அமெரிக்காவின் மிஷெல் ஏக்கர்ஸ் ஒரு கோல் அடித்தார். நார்வே அதனைச் சமன் செய்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடமே எஞ்சியிருந்தபோது, எதிர்க் குழுவினர் பின்னோக்கி அனுப்பிய பந்தை ஏக்கர்ஸ் பாய்ந்து கைப்பற்றி, கோல் காவலரையும் கடந்து வலைக்குள் செலுத்தினார். கோப்பை அமெரிக்காவைச் சேர்ந்தது.

பல்கலைக்கழகக் குழுவின் வெற்றிகளோ எண்ணி வியக்கத்தக்கவை. 1981-இல் முதன்முதலாக நாட்டு வாகையைச் சூடிய அக்குழு, 1986 முதல் 1994 வரை ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் அதனைப் பெற்றது. 1986-இல் தொடங்கி 103 ஆட்டங்களில் அக்குழுவைத் தோற்கடிப்பார் இல்லை. 1990-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் அவ்வரிசையை முறித்தது. தோற்ற அவ்வாண்டிலேயே மீண்டும் எழுந்து அடுத்தடுத்து 92 ஆட்டங்களில் வென்றது. 2012-ஆம் ஆண்டு வெற்றியோடு டாரன்சின் குழு பெற்ற நாட்டு வாகைகள் 22 ஆயின. அதன் பின்னர் அவர் பயிற்றிய பதினொரு ஆண்டுகளில் வேறொரு வாகை கிட்டவில்லை. அவர் தொடங்கிய காலத்தில் தக்க எதிரிகள் மிகச் சிலரே. பிற்காலத்தில் நாடெங்கும் சிறந்த குழுக்கள் எழுந்தன. அவரிடம் பயின்றவர் பலரே பிற கல்லூரிகளில் பயிற்சியாசிரியர் ஆயினர்.

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத பகுதி ஒன்று உண்டு. 1998-ஆம் ஆண்டில் முன்னாள் ஆட்ட மகளிர் இருவர் டாரன்ஸ்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தனர். மாணவியரின் சொந்த வாழ்வைப் பற்றி அவர் தகாத முறையில் பேசினார் என்பது குற்றச்சாட்டு. தாம் எவரையும் துன்புறுத்தவில்லை என்று டாரன்ஸ் மறுத்தார். எனினும், அத்தகைய பேச்சில் தாம் கலந்துகொண்டது முறையன்று என ஒப்பி, 2004-இல் மன்னிப்புக் கேட்டார். ஒரு வழக்கு அவ்வாண்டிலேயே முடிவுற்றது. மற்றொன்றில், 2008-இல் பல்கலைக்கழகம் 3,85,000 டாலர் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. அப்போதும் டாரன்ஸ் மன்னிப்பு மடல் எழுதினார். மாணவியரோடு நெருங்கிப் பழகுவதையே தம் வலிமையாகக் கொண்டவர் அந்நெருக்கத்தின் எல்லையைக் காக்கத் தவறினார். ஆட்டத்தில் இடம் தருவதும் மறுப்பதும் ஆசிரியர் கையில் இருக்கும்போது, அவர் பேச்சைத் தடுத்துக் கூறும் துணிவு இளம்பெண் ஒருத்திக்கு எளிதில் வாராது. அவர் பெற்ற வெற்றிகளைக் கணக்கிடுவோர் இதனையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

2019-இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் புதிய ஆடுகளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மகளிர் குழுவோடு 900-க்கு மேற்பட்ட ஆட்டங்களில் வெற்றி கண்ட டாரன்ஸ், 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், அவ்வாண்டின் ஆட்டங்கள் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது ஓய்வு பெற்றார். அவருக்குத் துணைவராக இருந்த டேமன் நஹாஸ் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் வட கரோலைனாவின் கேரி நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில், அக்குழு வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தை ஒன்றுக்குச் சுழியம் என்னும் கணக்கில் வென்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கிட்டாதிருந்த வாகை, டாரன்ஸ் பொறுப்பில் இல்லாத முதல் ஆண்டிலேயே அவர் வளர்த்த குழுவிற்குக் கிட்டிற்று.